ஒரே சேசி, இரண்டு ஊர்: டிரையம்ப் ஜிடி6-உம் ஸ்டாண்டர்டு கெசலும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? வண்டி உயர உயரப் பின்சக்கரம் இரண்டும் தொங்கி, டயரின் அடிப்பக்கம் உள்ளே மடங்கிக்கொள்ளும். பின்னால் நின்று பார்த்தால் சக்கரங்கள் ஆங்கில ‘வி’ எழுத்துப்போல விரிந்து நிற்கும். ஜாக்கியை இறக்கினாலும் உடனே நேராகாது. வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டினால்தான் சக்கரம் நிமிரும். முதன்முறை ஸ்டெப்னி மாற்றுகிற ஆள் ஏதோ முறிந்துவிட்டது என்றே பதறிப்போவார். எதுவும் முறிந்திருக்காது. அந்தக் காரின் பிறவிக்குணம் அப்படி.

இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். இந்தப் பின்அச்சிலும் இதன் சேசியிலும் இருந்து தொடங்கி இரண்டு தொழிற்சாலைகள் இரண்டு கார்களைச் செய்தன. இங்கிலாந்தின் காவென்ட்ரியில் உருவானது டிரையம்ப் ஜிடி6. ஆறு சிலிண்டர், இரண்டு பேர் உட்காரும் இடம், மணிக்கு 170 கிலோமீட்டர் வேகம். சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் உருவானது ஸ்டாண்டர்டு கெசல். நாலு சிலிண்டர், நாலு கதவு. வேகத்தைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுவதே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் வழக்கமாக வரும் தீர்ப்பு எனக்குத் தெரியும்: வெள்ளைக்காரன் வளர்த்தான், நாம் முடக்கிப் போட்டோம். அதில் பாதிதான் உண்மை. பின்அச்சு விஷயத்தில் மெட்ராஸ்காரர்கள் யோசித்ததே சரி என்பது என் கட்சி. இன்ஜின் விஷயத்தில் அவர்களை யாரும் யோசிக்கவே விடவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு நிறுத்தால் கணக்கு தப்பும்.

முதலில் இருவருக்கும் பொதுவான மூதாதை. ஐம்பதுகளில் ஸ்டாண்டர்டு–டிரையம்ப் கம்பெனிக்கு ஒரு சங்கடம் வந்தது. கார் பாடிகளை அழுத்தித் தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோவை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. பாடியும் சேசியும் ஒன்றேயான மோனோகாக் கூடு அப்போது பரவிவந்த புது முறை. அதற்குப் பெரிய பிரஸ் வேண்டும். பிரஸ்ஸோ இப்போது எதிராளியின் கையில். தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் வேறு வழியில்லாமல் பழைய முறைக்குத் திரும்பினார். அடியில் தனிச் சேசி. அதன்மேல் துண்டு துண்டாகப் பாடி. எல்லாவற்றையும் போல்ட் போட்டு இறுக்கிவிடுவது. மாட்டுவண்டிக்கு அச்சு வேறு, ஏர்க்கால் வேறு, கூண்டு வேறு என்று ஆசாரி தனித்தனியாகச் செய்து பூட்டுகிற அதே கணக்கு. தோற்றத்தை வரைந்துகொடுத்தவர் டூரின் நகரத்து ஜோவானி மிக்கெலோட்டி. திட்டத்துக்குக் கம்பெனிக்குள் வைத்திருந்த பெயர் ‘சோபோ’. இமயமலைப் பக்கம் பொதி சுமக்கிற கலப்பின மாட்டின் பெயர் அது. மாட்டுவண்டி உவமையை நான் மட்டும் சொல்லவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

1959 ஏப்ரலில் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் டிரையம்ப் ஹெரால்டு வெளியானது. 948 சி.சி. இன்ஜின், சுமார் 35 குதிரைத்திறன். பெரிய பெருமை அதன் திரும்பும் வட்டம்: 25 அடி. லண்டன் டாக்சிக்கு விதித்திருந்த அளவும் அதுதான். இன்னொரு பெருமை பானெட். மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் குனிய வேண்டியதில்லை. முன்டயரின்மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு, டம்ளரைப் பக்கத்துச் சேசிக் கட்டையில் வைத்துவிட்டு, கார்பரேட்டரைக் கழற்றலாம். இந்தப் பானெட் ஜிடி6-க்கும் அப்படியே போனது. இந்த ஒரு விஷயத்தில் சீமைச் சீமானுக்கும் மெட்ராஸ் குடும்பஸ்தனுக்கும் வித்தியாசமே கிடையாது.

துண்டு துண்டாகப் பூட்டுகிற பாடியால் ஏற்றுமதிக்கும் லாபம். பெட்டிகளில் அடுக்கிக் கப்பலேற்றலாம். இறங்குகிற ஊரில் ராட்சசப் பிரஸ் இல்லாமலே பூட்டிவிடலாம். காவென்ட்ரியின் கஷ்டம் மெட்ராஸின் வசதியாக மாறியது இப்படித்தான்.

இன்ஜினிலும் சொந்தம் உண்டு. அது இன்னும் நெருக்கம். 1953-இல் வந்த ஸ்டாண்டர்டு எய்ட் என்ற குட்டிக் காரின் 803 சி.சி. இன்ஜின்தான் வேர். அந்த எய்ட்டும் மெட்ராஸில் பூட்டி விற்கப்பட்டதுதான். அதில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 76 மில்லிமீட்டர். சிலிண்டரின் குறுக்களவு 58. ஹெரால்டுக்காகக் குறுக்களவை 63 ஆக்கினார்கள், 948 சி.சி. வந்தது. 69.3 ஆக்கியபோது 1147. 73.7 ஆக்கியபோது 1296. அதே முறையில் இரண்டு சிலிண்டரைக் கூடுதலாகச் சேர்த்து, குறுக்களவை 74.7 ஆக்கினார்கள், 1998 சி.சி. ஆறு சிலிண்டர் பிறந்தது. ஜிடி6-இன் மூக்குக்குள் இருப்பது அதுதான். இவ்வளவு மாற்றத்திலும் அந்த 76 மட்டும் அசையவில்லை. ஆக, ஜிடி6-இன் இன்ஜின் வேறு வம்சத்தில் வந்ததல்ல. கெசலின் இன்ஜினுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஊர் மாறி வளர்ந்த அண்ணன்.

காவென்ட்ரிப் பாதை வேகமாக ஓடியது. ஹெரால்டு வெளியான கொஞ்ச காலத்திலேயே கம்பெனி கடனில் தத்தளித்தது. 1961-இல் லேலண்டு கைக்குப் போனது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்த லேலண்டு அதிகாரிகளின் கண்ணில் ஒரு மூலையில் துணி போர்த்திக் கிடந்த வண்டி பட்டது. மிக்கெலோட்டி வரைந்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார். காசில்லாமல் நிறுத்திவைத்திருந்தார்கள். அதைச் செய்யச் சொல்லி உத்தரவானது. 1962-இல் ஸ்பிட்ஃபயர் வந்தது. ஹெரால்டின் சேசியை வெட்டிச் சுருக்கி, இரண்டு அச்சுக்கும் நடுவே இருந்த 91.5 அங்குலத்தை 83 ஆக்கியிருந்தார்கள். பின்அச்சு ஹெரால்டினுடையதேதான்.

அடுத்து அதற்கு ஒரு கூரை. பின்பக்கம் சரிந்து இறங்குகிற கூரையோடு மிக்கெலோட்டி ஒரு மாதிரிக் காரைச் செய்துகொடுத்தார். அழகு வந்தது, கூடவே எடையும் வந்தது. நாலு சிலிண்டர் இன்ஜினால் இழுக்க முடியவில்லை. கூரையின் வார்ப்பை மட்டும் எடுத்து லெ மான் பந்தயத்துக்கான ஸ்பிட்ஃபயர்களில் வைத்தார்கள். 1965-இல் அவை தங்கள் பிரிவில் முதலிரண்டு இடங்களைப் பிடித்தன. சாலைக் காருக்கு வழி வேறாகத் தேட வேண்டியிருந்தது. அந்த வழிதான் ஆறு சிலிண்டர். நீளமான இன்ஜின் அடங்கவேண்டும் என்பதற்காகப் பானெட்டின் நடுவில் ஒரு புடைப்பு. பின்னால் மேல்நோக்கித் திறக்கும் கதவு. 1966 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஜிடி6 வைக்கப்பட்டது. 95 குதிரைத்திறன்.

நீண்ட மூக்கு, புடைத்த பானெட், சரிந்த முதுகு. 1961-இல் ஜாகுவார் வெளியிட்ட ஈ-டைப்பைப் பார்த்தவர்களுக்கு இது யாருடைய சாயல் என்று சொல்லவேண்டியதில்லை. ‘ஏழைகளின் ஈ-டைப்’ என்று செல்லப்பெயரே வந்துவிட்டது. 1968-இல் லேலண்டும் பிரிட்டிஷ் மோட்டார் ஹோல்டிங்ஸும் இணைந்தபோது ஜாகுவாரும் டிரையம்பும் ஒரே வீட்டுக்குள் வந்தன. அதே வீட்டில் ஜிடி6-இன் நேரடிப் போட்டியாளரான எம்.ஜி.பி. ஜிடி-யும் இருந்தது. பங்காளிகள் ஒரே கூரையின்கீழ் இருந்தால் யாருக்கு என்ன நடக்கும் என்று தஞ்சை ஜில்லாக்காரர்களுக்குப் பாடம் எடுக்கவேண்டியதில்லை.

மெட்ராஸ் பாதை வேறு. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா கம்பெனி நாற்பதுகளின் இறுதியில் தொடங்கி, முதலில் வேன்கார்டு கார்களைப் பூட்டி விற்றது. 1953-இல் டாரிஃப் கமிஷன் அறிக்கையை ஒட்டி மத்திய அரசு ஒரு விதி வைத்தது: உதிரிபாகங்களைப் படிப்படியாக இங்கேயே தயாரிக்கிற திட்டம் உள்ளவர்கள் இருக்கலாம், வெறுமனே பூட்டி விற்பவர்கள் கிளம்பலாம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. சாலையில் மிஞ்சியவை மூன்று பெயர்கள்தாம்: கல்கத்தாவின் அம்பாசடர், பம்பாயின் ஃபியட், மெட்ராஸின் ஸ்டாண்டர்டு. 1961-இல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு இங்கே வந்தது. சோழவரத்து ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டும் ஓடியதுண்டு. ஆனால் வாங்கியவர்கள் பந்தயக்காரர்கள் இல்லை. டாக்டர்கள், வக்கீல்கள், மிராசுதார்கள்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. இன்னும் இரண்டு கதவு.

இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கிவிட்டு உடம்பைக் குறுக்கி நுழையவேண்டும். ஒன்பது கெஜம் புடவை கட்டிய மாமியாரையும் மடிசஞ்சி மூட்டையையும் அப்படி ஏற்றி இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். டிரைவர் வைத்து ஓட்டுகிற வீடுகளில் முதலாளி பின்னால்தான் உட்காருவார். அவர் முன்சீட்டை மடக்கி நுழைவாரா? அம்பாசடரிலும் ஃபியட்டிலும் நாலு கதவு இருக்கும்போது ஹெரால்டு மட்டும் எத்தனை நாள் தாங்கும்? 1968-இல் மார்க் 3 நாலு கதவோடு வந்தது. உலகத்தில் வேறெங்கும் நாலு கதவு ஹெரால்டு உற்பத்தியானதில்லை. காவென்ட்ரி சேசியைச் சுருக்கி இரண்டு பேருக்கு இடம் வைத்தது. மெட்ராஸ் அதே சேசியில் கதவைக் கூட்டிக் குடும்பத்துக்கு இடம் செய்தது. இரண்டுமே பரிணாமம்தான். ஒன்றை மட்டும் பரிணாமம் என்று அழைத்துப் பழகிவிட்டோம்.

1972-இல் முகத்தையும் முதுகையும் மாற்றி, பின்அச்சையும் மாற்றி, கெசல் வந்தது. இங்கேதான் இரண்டு கார்களையும் நெருக்கமாக வைத்துப் பார்க்கவேண்டிய இடம்.

ஸ்விங் ஆக்ஸிலின் வேலை எளிது. டிஃபரன்ஷியல் சேசியோடு இறுகிய இடத்தில் நிற்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிராஸ் ஜாயின்ட்; அங்கிருந்து ஒவ்வோர் அச்சுத்தண்டு; நுனியில் சக்கரம். மேலே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரம் மேலே போனாலும் கீழே வந்தாலும் அந்த ஜாயின்டை மையமாக வைத்து வில்லாக ஆடும். செலவு குறைவு, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கம் அதைக் கண்டுகொள்ளாது. மேடுபள்ளத்தில் சுகமாகத்தான் இருக்கும். சிக்கல் வளைவில் வரும். வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது டிரைவர் பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும். எழும்பினால் வெளிப்பக்கச் சக்கரம், ஜாக்கியில் பார்த்தோமே, அதேபோல உள்ளே மடங்கும். டயரின் விளிம்பு மட்டும் தரையில் பட, வால் பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். அமெரிக்காவில் ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புத்தகத்தில் ஷெவர்லே கார்வேர் காரைத் தாக்கியது இதே வகைப் பின்அச்சை முன்வைத்துத்தான்.

35 குதிரைத்திறன் ஹெரால்டில் இது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்த குணம். 95 குதிரைத்திறன் ஜிடி6-இல் அது விழித்துக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள், குறிப்பாக அமெரிக்கர்கள், விட்டுவைக்கவில்லை. ஜிடி6-க்கு முக்கியச் சந்தையே அமெரிக்காதான். ஆகவே காவென்ட்ரி அசைந்தது. 1968-இல் வந்த மார்க் 2-இல் குறுக்குப் பட்டை அப்படியே இருக்க, கீழே ஒரு விஷ்போன் கையைச் சேர்த்தார்கள். அச்சுத்தண்டின் நடுவே ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற தடித்த ரப்பர் வளையத்தை வைத்தார்கள். சக்கரம் இனி மடங்காமல் ஏறக்குறைய நேராக மேலும் கீழும் போகும். 104 குதிரைத்திறனும் சேர்ந்தது. ஜிடி6-இல் ஆகச் சிறந்தது இதுதான் என்று ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். ஓட்டுவதை மட்டும் வைத்துப் பேசினால் மறுக்க முடியாது.

அந்த ரப்பர் வளையத்தைப் பழுதுபார்க்கிறவனிடம் கேளுங்கள். வேறு கதை சொல்வான். எண்ணெய் பட்டால் ஊறும், வெயிலில் வெடிக்கும், கொஞ்ச வருஷத்தில் கிழியும். மாற்றுவதென்றால் புது வளையத்தை இரும்புப் பட்டை போட்டு நெரித்து, நெரித்த நிலையிலேயே போல்ட்டுகளைக் கோத்து, பிறகு பட்டையை அறுத்தெடுக்க வேண்டும். நல்ல வசதியுள்ள பட்டறையிலேயே ஒரு பொழுது போய்விடும்.

மெட்ராஸுக்கும் அதே பின்அச்சுதான் தலைவலி. ஆனால் வலி வேறு இடத்தில். இங்கே யாரும் வளைவில் நூற்றைம்பதில் போகவில்லை. பின்சீட்டில் நாலு பேர், அவர்கள் மடியில் இரண்டு பிள்ளைகள், டிக்கியில் ஒரு மூட்டை பொன்னி அரிசி. பட்டை அமுங்கி, சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்துகொண்டே போகும். புது டயர் வாங்குவது அன்று லேசான செலவில்லை. கிராஸ் ஜாயின்டுகளும் சேற்றுக்கும் தூசிக்கும் நடுவே கிரீஸ் காணாமல் ஆடத் தொடங்கும். வாங்கியவருக்கும் பிடிக்கவில்லை, மெக்கானிக்குக்கும் பிடிக்கவில்லை. கம்பெனி கேட்டுக்கொண்டது. கெசலில் ஸ்விங் ஆக்ஸிலைத் தூக்கிப்போட்டுவிட்டு, அம்பாசடர், லாரி, பஸ் எல்லாவற்றிலும் இருப்பதுபோல ஒரே ஹவுசிங்குக்குள் இரண்டு சக்கரத்தையும் பூட்டிய கட்டை அச்சைப் போட்டார்கள்.

புத்தகக் கணக்கில் இது பின்னோக்கிய நடை. தனித்தனியாக ஆடும் பின்சக்கரம் நவீனம். கட்டை அச்சு பழசு. ஆனால் எந்தப் பட்டறையிலும் தெரிந்த பொருள், எந்தச் சாலையோரத்திலும் அவிழ்த்துப் பூட்டக்கூடிய பொருள், சுமையேற்றினாலும் டயரைச் சாய்க்காத பொருள். காவென்ட்ரி தன் வாடிக்கையாளரின் புகாருக்குப் பதில் சொன்னது. மெட்ராஸும் தன் வாடிக்கையாளரின் புகாருக்குத்தான் பதில் சொன்னது. பிறகு நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1973-இல், செலவைக் குறைப்பதற்காக, ஜிடி6-இன் கடைசி மார்க் 3 வண்டிகளிலிருந்து அந்த ரப்பர் வளையத்தையும் விஷ்போனையும் எடுத்துவிட்டு, ஸ்பிட்ஃபயரின் திருத்திய ஸ்விங் ஆக்ஸிலுக்கே காவென்ட்ரி திரும்பிவிட்டது. ஐந்து வருஷம் பெருமையாக வைத்திருந்த தீர்வை அவர்களே கழற்றி வைத்தார்கள். மெட்ராஸ் கெசலின் அச்சை அதன் கடைசி நாள்வரை மாற்றவில்லை.

எங்கள் ஊர்ச் சாலையில் இரண்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது எனக்குப் பிடித்த விளையாட்டு. கல்லணையிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு போகும் சாலைகளைத் தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். ஆற்றங்கரையையொட்டி நெளிந்து போகும் பாதை. ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். எதிரே டவுன் பஸ் வந்தால் ஒருவர் கரையோரம் ஒதுங்கியே ஆகவேண்டும். அறுப்புக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். மீதிப் பாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வரும். ஜிடி6-இன் வயிறு தரையோடு ஒட்டிப் போகும். நெல் காயும் இடத்தில் ஒதுங்கினால் ஒரு மரக்கால் நெல்லை வாரிக்கொண்டுதான் வரும். ஓட்டுகிறவர் உட்கார்ந்திருப்பது பஸ் டயரின் உயரத்தில். கரையின் மறுபுறம் என்ன வருகிறது என்று தெரியாது. அந்த ஆறு சிலிண்டரின் சூடு இங்கிலாந்திலேயே காருக்குள் இறங்குகிறது என்று புகார். அக்னி நட்சத்திரத்தில் கண்ணாடிக் கூரைச் சரிவின்கீழ் இரண்டு பேர் என்ன ஆவார்கள் என்று யோசிக்கவே வேண்டாம். இத்தனைக்கும் மேல், அந்தச் சாலையில் அதன் மூன்றாவது கியரைக்கூட முழுசாகப் பயன்படுத்த முடியாது.

கெசலுக்கு இதெல்லாம் பிரச்சினையே இல்லை. திருக்காட்டுப்பள்ளி அக்னீஸ்வரர் கோயில் சன்னதித் தெருவைப்போன்ற ஒடுங்கிய தெருவில் ஹெரால்டு வம்சத்தின் குறுகிய திருப்பத்தின் அருமை தெரியும். அம்பாசடர்காரர் ரிவர்ஸ் எடுத்து, மறுபடி எடுத்து, யாரையாவது பின்னால் நிற்கவைத்துக் கைகாட்டச் சொல்வார். ஹெரால்டுக்காரர் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு போய்விடுவார்.

அதற்காகக் கெசலை நல்ல கார் என்று சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை. நாலு கதவு, ஆறு பேர், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் இழுக்க அதற்குக் கிடைத்தது அதே 948 சி.சி. 1959-இல் லண்டனில் இரண்டு கதவுக் காருக்கு வைத்த இன்ஜின். காவென்ட்ரி ஹெரால்டு 1961-லேயே 1147-க்குப் போய்விட்டது; 1967-இல் 1296. ஸ்பிட்ஃபயர் கடைசியில் 1493 வரை போனது, அதற்காகத்தான் நாலு சிலிண்டர் குடும்பத்தின் 76 மில்லிமீட்டரும் ஒருவழியாக மாறி 87.5 ஆனது. மெட்ராஸில் 1961-இலும் 63 மில்லிமீட்டர் குறுக்களவு, 1977-இலும் அதே 63. சிலிண்டரை ஆறு மில்லிமீட்டர் அகலப்படுத்தத் தெரியாத ஊரா மெட்ராஸ்? அந்த ஊரில் பாதி மெக்கானிக்குகள் போர் போட்டே பிழைத்தவர்கள்.

தடை வேறு இடத்தில் இருந்தது. எதை, எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதற்கு டெல்லியின் லைசென்ஸ். வெளியிலிருந்து அச்சுக்கருவியோ எந்திரமோ கொண்டுவர அந்நியச் செலாவணிக்கு இன்னோர் அனுமதி. 1969-இல் கார்களின் விற்பனை விலையையும் அரசே நிர்ணயித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. விலையை ஏற்ற முடியாது, எண்ணிக்கையைக் கூட்ட முடியாது என்றால் புது இன்ஜினில் எவன் காசு போடுவான்? பின்அச்சை மாற்றியது கையிலிருந்த பொருளை வைத்துச் செய்துகொண்ட வேலை. இன்ஜினை மாற்றுவது அப்படியல்ல. 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்தபிறகு சொல்லவே வேண்டாம். கெசல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உற்பத்தியானது. லைசென்ஸைச் சாகவிடாமல் வைத்திருப்பதற்காகவே அதைச் செய்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நம்பத் தோன்றுகிறது.

ஆனால் கட்டுப்பாடே இல்லாத காவென்ட்ரியில் ஜிடி6 மட்டும் நீடூழி வாழ்ந்ததா? அதுவும் இல்லை. அமெரிக்காவின் புகை விதிகள் இன்ஜினை நெரித்தன, வீட்டுக்குள்ளேயே எம்.ஜி.பி. ஜிடி அதைவிட நன்றாக விற்றது. 1973-இல் ஜிடி6 நின்றது. மொத்தம் ஏறக்குறைய 41 ஆயிரம் வண்டிகள். கெசல் அதற்கு நாலு வருஷம் கழித்து, 1977-இல் நின்றது. விலை ஏற்றச் சுதந்திரம் இருந்த கார் முந்திப் போனது. இல்லாத கார் இழுத்துக்கொண்டு கிடந்தது.

மெட்ராஸ் கம்பெனி அதன்பிறகு ஒருமுறை உண்மையான சீமைச் சொகுசுக் காரைக் கையில் எடுத்தது. 1976-இல் வெளியாகி, மறுவருஷம் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய ரோவர் எஸ்.டி.1. டேவிட் பாஷ் வரைந்தது; இங்கிலாந்தில் அதற்கு 3,528 சி.சி. எட்டு சிலிண்டர் இன்ஜின். 1985-இல் அது ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெயரில் வண்டலூரிலிருந்து வெளியே வந்தபோது உள்ளே இருந்தது 1991 சி.சி., நாலு சிலிண்டர், 83 குதிரைத்திறன். நாற்பதுகளின் வேன்கார்டு வம்சத்து இன்ஜின். காவென்ட்ரியில் ஃபெர்குசன் டிராக்டருக்கு வைத்ததும் அந்த வம்சம்தான். டெல்டாவில் டிராக்டர் இன்ஜினுக்கு ஒரு மரியாதை உண்டு, மறுக்கவில்லை; சேற்றில் இறங்கி உழ வேண்டும் என்றால். எட்டு சிலிண்டருக்காகச் செய்த உடம்பை அது எப்படி இழுக்கும்? 1988-இல் எல்லாம் முடிந்தது. ஹெரால்டை எடுத்துக் கெசல் ஆக்கியவர்கள் இங்குள்ள சாலையிலிருந்து தொடங்கினார்கள். ரோவரை எடுத்தவர்கள் காட்சிக்கூடத்திலிருந்து தொடங்கினார்கள். 2006 வாக்கில் கம்பெனியின் மிச்சம் மீதி ஏலத்துக்கு வந்தபோது, பயன்படுத்தாமல் கிடந்த ரோவர் உதிரிபாகங்களை இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று மொத்தமாக வாங்கிப்போனது. அங்கே ஓடும் ரோவர்களுக்கு மெட்ராஸ் சரக்கு.

டெல்டா வீடுகளின் கொட்டகைகளில் வைக்கோலுக்கும் பழைய குதிருக்கும் நடுவே ஹெரால்டும் கெசலும் இன்னும் ஒன்றிரண்டு இருக்கலாம். அப்படி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் சாமான்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஸ்பிட்ஃபயரும் ஹெரால்டும் ஓடிக்கொண்டிருக்கும்வரை இங்கிலாந்தில் அவை கிடைக்கும். நாலு கதவு ஹெரால்டின் பின்கதவுகள், அவற்றின் கண்ணாடி, கெசலின் பின்அச்சு, இவை மட்டும் இந்த ஒரு தொழிற்சாலையில் செய்தவை; உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. வண்டியை எடைக்குப் போட்டே தீரவேண்டும் என்றால், அவற்றையாவது முதலில் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.